துலைக்கோ?

தமிழில் வினா எழுத்துக்கள் எத்தனை என்று கேட்டால் ஐந்து என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லிவிடும். எகரமும் யாவும் சொல்லின் முதலில் நின்று வினாவை உணர்த்தும். ஆகாரமும் ஓகாரமும் இறுதியில் நின்று உணர்த்தும். ஏகாரம் ஈரிடத்தும் வரும். இது 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வகுத்த கணக்கு. அவருக்கு மிக முந்திய தொல்காப்பியர் ஆ, ஏ, ஓ என்னும் மூன்றனையே வினா என்று எண்ணினார். பரீட்சைக்கு ஒப்பிக்கும் அளவில் இச்செய்தி உலர்ந்த சருகு. ஆனால் இவ்வெழுத்துக்களுள் எது எந்த ஊர் வாயில் இன்றும் உயிரோடு இருக்கிறது என்று விசாரிக்கப் புகுந்தால் அந்தச் சருகு துளிர்க்கத் தொடங்குகிறது.

சென்னையிலும் மதுரையிலும் விருந்தாளியைப் பார்த்து ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்பார்கள். ஆம், இல்லை என்று விடை வேண்டும் வினாவுக்கு அங்கே பேச்சில் ஆகாரமே அரசு செலுத்துகிறது. ஓகாரம் ஐயத்துக்கென்று ஒதுக்கப்பட்டு, ‘வருவானோ என்னவோ’ என்னும் அளவிலே நின்றுவிட்டது. பாக்கு நீரிணையைக் கடந்து ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய தீவகத்து ஊர்களிற் கால்வைத்தால் அதே உபசாரம் ‘சாப்பிட்டனீங்களோ?’ என்று வந்து எதிர்கொள்ளும். ‘தோணி வந்திட்டுதோ?’, ‘மாமி வீட்டிலை நிக்கிறாவோ?’, ‘நாளைக்கும் காத்து இருக்குமோ?’ என்று நாள் முழுவதும் ஓகாரத்தின் ஒலிதான். ஏகாரமும் மறைந்துவிடவில்லை. நெடுநாளைக்குப் பின் கண்டவரை ‘என்ன, சுகமே?’ என்பார்கள், நம்பமுடியாத செய்தி காதில் விழுந்தால் ‘ஓமே?’ என்பார்கள். இவை தீவகத்துக்கு மாத்திரம் உரியனவல்ல. குடாநாடு முழுவதும் வழங்குவனவே. கடலுக்கு அப்பாலும் இவற்றுக்கு உறவுண்டு. மலையாளி ‘வந்நோ?’ என்றும் ‘உண்டோ?’ என்றும் கேட்கும்போது நெடுந்தீவார் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

ஓகாரம் கொச்சை, ஆகாரம் செம்மை என்று கருதிப் பிள்ளைகளின் வாயைத் திருத்துகிற நல்லாசிரியர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தொல்காப்பியத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. இரண்டெழுத்தும் அங்கே ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றன. ‘ஆர்’ என்னும் வினாச்சொல்லும் அப்படியே. யார் என்பதன் யகரம் நீங்கிய வடிவம் அது. நாயன்மார் பாடல்களிற் பயின்று வருவது. அதனைப் பட்டிக்காட்டுச் சொல் என்று இகழ்வோர் நாயன்மாரையும் சேர்த்து இகழ்கிறார்கள்.

வினாவை ஆக்கும் வழி மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் எழுவாயையும் துணைவினையையும் இடம்மாற்றி வைத்தால் வினா பிறந்துவிடும். ஆங்கிலத்தோடு பழகிய நமக்கு அதுவே உலக வழக்கு என்று தோன்றலாம். உண்மை நேர்மாறானது. மத்யூ டிரையர் என்னும் மொழியியலாளர் 955 மொழிகளை ஒப்புநோக்கியபோது, சொல்வரிசையை மாற்றி வினாவும் மொழிகள் 13 மட்டுமே அகப்பட்டன. இடைச்சொல் ஒன்றைச் சேர்த்து வினாவுபவை 585. குரலை ஏற்றி இறக்கியே காரியத்தை முடித்துக்கொள்பவை 173. மெக்சிக்கோ நாட்டு மிக்ஸ்தெக் மொழிகளுள் ஒன்றிலோ கூற்றுக்கும் வினாவுக்கும் வேறுபாடே காணப்படவில்லையாம். அவ்வூரிற் சந்தைப் பேச்சு எப்படி நடக்கிறதோ!

நமது ஓகாரத்துக்கு ஒரு சிறப்புண்டு. அது வாக்கியத்தின் கடைசியில் மட்டும் கட்டிவைக்கப்பட்ட மணியன்று. எந்தச் சொல்லில் ஐயம் விழுகிறதோ அந்தச் சொல்லின் கழுத்திற் போய்த் தொங்கும். ‘நீர் நேற்று நயினாதீவுக்குப் போனனீரோ?’ என்றால் போனது உண்மையா என்பது கேள்வி. ‘நேற்றோ நயினாதீவுக்குப் போனனீர்?’ என்றால் போனது தெரியும், நாள்தான் ஐயம். ‘நயினாதீவுக்கோ போனனீர்?’ என்றால் இடம் ஐயம். ‘நீரோ போனனீர்?’ என்றால் கேட்பவரின் புருவம் உயர்ந்திருக்கிறது என்று அறிக. எழுத்தொன்று இவ்வளவு வேலை செய்வதனாலேதான் ஏட்டுச் சுவடி எழுதிய நம் முன்னோர்க்கு வினாக்குறி என்றொரு கொக்கி தேவைப்படவில்லை. அச்சுக் கலையோடு வந்த அக்குறியைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தவர்களுள் நல்லூர் ஆறுமுக நாவலர் முதன்மையானவர் என்பதும் நினைக்கத் தக்கது.

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தார் பேச்சைக் கேட்டு முதன்முதலில் திகைக்கும் இடம் இதுவே. ‘அண்ணர் எப்ப வந்தவர்?’ என்று இங்கே ஒருவர் கேட்பார். வந்தவர் என்பது அந்நண்பருக்கு வினையாலணையும் பெயர். வந்தவர் என்ன செய்தார் என்று வாக்கியம் முடியக் காத்திருப்பார். வாக்கியமோ முடிந்துவிட்டது! ‘எப்ப வந்தனீங்கள்?’, ‘ஆரோடை வந்தனி?’, ‘அக்கா எங்கை போனவா?’ என்று எப்ப, ஆர், எங்கை போன்ற வினாச்சொல் வரும் இடங்களிற் பெரும்பாலும் இவ்வடிவமே வரும். விடையும் ‘நேற்று வந்தவர்’ என்று அதனையே பின்பற்றும். ‘வந்தார்’ என்பது நிகழ்ச்சியை அறிவிக்கிறது. ‘வந்தவர்’ என்பது, வருகை நாம் இருவரும் அறிந்ததே, எப்போது என்பதே விஷயம் என்று ஒதுக்கிக் காட்டுகிறது. கேள்வி எந்தச் சொல்லின்மேல் விழுகிறதோ அதற்கு வினைச்சொல் வழிவிட்டு நிற்கிறது என்று இதனைச் சொல்லலாம்.

இதிலே வியப்பான செய்தி ஒன்றுண்டு. பேச்சுச் சிங்களத்தில் ‘ஆவா’ என்றால் வந்தார் என்று பொருள். ஆனால் எப்போது வந்தார் என்று வினாவும்போது ‘கவதாத ஆவே?’ என்று வினையின் ஈறு மாறிவிடுகிறது. மலையாளத்தில் ‘வந்நு’ என்பது ‘எப்போழாணு வந்நது?’ என்று ஆகிறது. மூன்று மொழிகளும் வெவ்வேறு உறுப்புக்களைக் கொண்டு ஒரே வேலையைச் செய்கின்றன. யார் யாரிடம் கற்றார் என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. வடமொழிக் குடும்பத்துச் சிங்களமும் திராவிடக் குடும்பத்துத் தமிழும் மலையாளமும் வினா என்னும் திண்ணையிற் பக்கத்திற் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பார்த்தால் போதும்.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பிரித்தார்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். வகுப்பில் இது படித்தபோது ஆறு பெயர்களாகவே எனக்குத் தெரிந்தது. தீவகத்து முற்றங்களிற் செவியைச் சற்றுத் திறந்து வைத்தால் ஆறும் நடமாடுவதைக் காணலாம். விடியற்புறத்திற் கரையில் நிற்பவர் நீர்மேல் ஒரு கருமையைக் கண்டு, ‘உது வள்ளமோ, பாரோ?’ என்கிறார். பார் என்பது கடலுள் உள்ள கற்பாறை. அது ஐயவினா, கடலிலே ஐயம் தெளியாவிட்டால் உயிருக்கே மோசம். கடை வாசலில் ‘ஒடியல் மா இருக்கோ?’ என்று கேட்பவர் கடைக்காரரின் கையிருப்பைக் கணக்கெடுக்க வந்தவரல்லர். வாங்க வந்தவர், ஆகவே அது கொளல்வினா. பந்தியிற் சோற்றுப் பெட்டியோடு நிற்கும் மாமி ‘சோறு காணுமோ?’ என்று கேட்கிறார். காணும் என்பது எங்கள் பக்கத்திற் போதும் என்று பொருள்படும். அவர் போதுமா என்று அறிய விரும்பவில்லை. இன்னும் ஓர் அகப்பை வைக்கவே விரும்புகிறார். கொடைவினாவுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை எந்த உரையிலும் நான் கண்டதில்லை. ‘காணும்’ என்று விடை சொன்னவர் இலையிலும் சோறு விழுவது வேறு கதை. அந்தி மயங்கும் நேரத்தில் ‘விளக்குக் கொளுத்தியாச்சோ?’ என்று பாட்டி உள்ளேயிருந்து கேட்டால், கேட்டவர் காதுக்கு அது கேள்வியன்று, கட்டளை. ஏவல்வினா.

அறிவினாவும் அறியாவினாவும் பள்ளிக்கூடத்துச் சோடிகள். சட்டம்பியார் தாம் அறிந்ததைப் பிள்ளை அறிந்ததோ என்று கேட்பது முன்னது. பிள்ளை தான் அறியாததைக் கேட்பது பின்னது. எங்கள் நாட்டுக் கல்வி முன்னதன்மேற் கட்டப்பட்டது. நாவலர் சைவ சமயத்தைச் சிறுவர்க்குப் புகட்ட எழுதிய நூலுக்குப் பெயரே ‘சைவ வினாவிடை’. கத்தோலிக்கக் கோயில்களிலும் பிள்ளைகள் ஞானோபதேசத்தை வினாவும் விடையுமாகவே மனனம் செய்தார்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மெட்டில் ஒப்பித்தார்கள் என்று சொன்னால் இரு பக்கத்துப் பெரியோரும் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். வினாவும் விடையும் ஒருங்கே அச்சிட்டுக் கொடுக்கப்பட்ட அந்த முறையால் நினைவாற்றல் வளர்ந்தது உண்மை. ஆனால் அறியாவினாவுக்கு அங்கே அதிகம் இடமிருக்கவில்லை. ‘ஏன்?’ என்று எழுந்து நின்ற பிள்ளைக்கு ‘உனக்கேன் உது?’ என்பதே பெரும்பாலும் விடையாயிற்று. அதுவும் இலக்கணம் ஒப்பிய விடைதான். எதிர்வினாவும் விடையாகும் என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார்.

எதிர்வினாவாற் பதிலிறுப்பதில் எங்கள் சனத்துக்கு ஒரு தனிச்சுவை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘திருவிழாவுக்கு வருவியளோ?’ என்றால் ‘வராமல் இருப்பமோ?’ என்பார்கள். வருவோம் என்ற சொல் அவ்விடையில் இல்லை. அதைவிட உறுதியான சொல்லும் இல்லை.

இனித் தலைப்பிலே நிறுத்தி வைத்த சொல்லை அழைக்கிறேன்.

பயணம் புறப்பட்டவரை ‘எங்கே போகிறீர்?’ என்று கேட்டல் ஆகாது என்பது தமிழர் எல்லாரிடத்தும் உள்ள நம்பிக்கை. சகுனத் தடை என்பார்கள். ஆனால் எதிரே வருகிறவரைக் கண்டும் ஒன்றும் கேளாமற் போவதும் மரியாதையன்று. கேட்கவும் கூடாது, கேளாமல் இருக்கவும் கூடாது. இந்த இக்கட்டுக்கு யாழ்ப்பாணத்தார் கண்ட வழி ‘துலைக்கோ?’ என்பது. துலை என்பது தொலை என்பதன் திரிபு. தூரத்துக்கோ என்பது பொருள். எங்கே என்னும் வினாச்சொல் அங்கே இல்லை. ஊரின் பெயர் கேட்கப்படவில்லை. காரியம் இன்னதென்று கேட்கப்படவில்லை. தூரமோ அன்றோ என்பது மட்டுமே கேள்வி. எகர வினா ஒரு பெயரைக் கொடுக்கும்படி கையை நீட்டுகிறது. ஓகார வினாவுக்கு ஓம் என்றோ இல்லை என்றோ தலையசைத்தாற் போதும். கேட்கப்படுபவருக்கு வாயை மூடிக்கொள்ளும் உரிமையை விட்டுவைத்துக்கொண்டு அக்கறையைக் காட்டும் இவ்வினாவை, வெறும் வட்டார வழக்கு என்று சொல்லி அகராதியின் மூலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தீவகத்தில் இதன் அருமை இன்னும் கூடுதல். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இன்று தரைவழி உண்டு. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துதான் ஊர் திரும்பவேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் போகவேண்டும். கடலுக்குப் புறப்படுகிறவரைப் போகும் இடம் கேட்டு நிறுத்த எவர்க்குத்தான் மனம் வரும்?

விடையையும் கவனியுங்கள். ‘துலைக்கோ?’ என்றால் ‘இல்லை, உதிலைதான், போட்டு வாறன்’ என்பதே வழக்கமான பதில். உதிலை என்பது நெடுந்தூரமுமன்று, காலடியுமன்று. கொழும்புக்குப் போகிறவரும் உதிலைதான் என்பார். நாலாம் வீட்டுக்குப் போகிறவரும் அதையே சொல்வார். போட்டு வாறன் என்பதனாலே திரும்பி வருதலும் சொல்லப்பட்டுவிடுகிறது. கேட்டவரும் திருப்தியோடு போவார். ஒன்றும் அறிந்தாரில்லை, ஆயினும் ஒரு குறையும் வையார்.

ஆனால் எங்கள் வினாக்கள் எல்லாம் இத்தகைய நாகரிகம் உடையன என்று சொல்லி வாசகரை ஏமாற்ற நான் துணியேன். ‘எவடம்?’ என்பது வேறொரு வகை. எவ்விடம் என்பதன் மரூஉவாகிய இச்சொல்லைக் கேட்டால் மிகவும் சாதுவாகத் தெரியும். புதியவர் ஒருவர் வந்து தம் ஊர்ப்பெயரைச் சொல்லுவார். உடனே ‘ஊரிலை எவடம்?’ என்று வரும். அதற்கும் சொன்னால் ‘எந்தக் கோயிலடி?’ என்று வரும். பிறகு ‘ஆற்றை பிள்ளை?’ என்று வந்து நிற்கும். நாலு கேள்வியிலும் சாதி என்ற சொல் இல்லை. நாலாவது விடை வந்தபின் அந்தச் சொல் தேவைப்படுவதுமில்லை. கேட்கப்படுபவரும் அறிவார், கேட்பவர் அறியவிரும்புவது இன்னதென்று இருவரும் அறிந்தே அந்த நாடகம் நடக்கும். அடுத்துத் திண்ணையா முற்றமா, கதிரையா பலகையா, பித்தளைச் செம்பா வேறு பாத்திரமா என்பதெல்லாம் அவ்விடைகளாலே முடிவாகிய காலம் ஒன்றிருந்தது. பாத்திர வேறுபாடு பெரும்பாலும் ஒழிந்தது. கேள்வி ஒழியவில்லை, கலியாணப் பேச்சிற் கடல்கடந்த நகரங்களிலும் கேட்கப்படுகிறது. துலைக்கோ என்று கேட்டு மனிதனுக்கு மறைவு கொடுத்த அதே நாக்குத்தான் எவடம் என்று கேட்டு அவன் மறைவைக் கிழிக்கிறது. இலக்கணத்தார் வகுத்த ஆறினுள் இவ்வினாவை எதிலே அடக்குவது? அறியாவினா என்றால் வெளித்தோற்றத்துக்குச் சரி. கொளல்வினா என்பேன் நான்: கொள்வதற்கோ தள்ளுவதற்கோ கேட்பது.

அந்நியரிடம் என்ன கேட்கலாம் என்னும் பிரச்சினை எங்கள் துறைமுகத்துக்குப் புதிதன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12 ஆம் நூற்றாண்டினது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, பிறநாட்டு வணிகர் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்று அது சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் கெட்டால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, மற்ற மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றியதாயின் சரிபாதி. சிங்கள மன்னன் ஒருவன் இந்தத் துறையில் வந்திறங்குவோர்க்காகத் தமிழிலே கல்லில் எழுதுவித்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி வாருங்கள்.

1990 களின் தொடக்கத்திலே தீவகத்து ஊர்கள் பல வெறுமையாயின. சனம் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கடல்கடந்தும் சிதறியது. எஞ்சியிருந்தோரும் திரும்பி வந்தோரும் 2009 இற் போர் முடியும் வரையும், அதன்பின் சில காலமும், தங்கள் ஊருக்குப் போகச் சோதனைச் சாவடிகளைக் கடக்கவேண்டியிருந்தது. அங்கே கேட்கப்பட்ட முதற் கேள்வி எது? ‘கொஹேத யன்னே?’ எங்கே போகிறது? புறப்படுகிற மனிதனிடம் கேட்கவே கூடாது என்று எங்கள் பெரியோர் விலக்கிவைத்த கேள்வி, போகும்போதும் வரும்போதும் துப்பாக்கியின் பக்கத்திலிருந்து வந்தது. உதிலைதான் என்று விடை சொல்ல முடியுமா? ஊர் வேண்டும், பெயர் வேண்டும், அட்டை வேண்டும், காரணம் வேண்டும்.

இங்கே மொழி செய்த ஒரு சிறு விளையாட்டையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். தமிழிற் சில சொற்கள் பழகிய சீருடையினர் ‘எங்க போறது?’ என்று கேட்பதுண்டு. எங்கள் முதியோர்க்கு அது சுருக்கென்று தைத்தது. நீ என்றால் போறாய், நீர் என்றால் போறீர், நீங்கள் என்றால் போறியள் என்று மூன்று படிகளை வைத்து மரியாதையை அளந்து பழகியவர்கள் அவர்கள். எழுபது வயதுக் கிழவரை மாட்டுக்குச் சொல்வதுபோலப் ‘போறது’ என்றால்? உண்மையில் அந்த இளைஞன் அவமதிக்க நினைத்துச் சொன்ன சொல்லன்று அது. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் ஈறு மாறுவதில்லை. வினாச்சொல்லோடு வரும் ‘யன்னே’ என்பதனை அப்படியே தமிழாக்கினால் ‘போறது’ என்றுதான் வரும். முன்னே நான் வியந்து சொன்ன அதே திண்ணை உறவுதான்! இரண்டு மொழிகளும் வினாவை ஒரே அச்சில் வார்த்திருக்கின்றன என்பதற்கு அந்தச் சாவடி வாக்கியத்தைவிட நல்ல சான்று கிடையாது. ஆயினும் வரிசையில் நின்ற கிழவருக்கு ஒப்பிலக்கணத்தால் ஆறுதல் சொல்ல எவராலும் முடிந்திராது.

யாழ்ப்பாணத்துப் பேச்சை அறிஞர் கவனியாமல் விட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ‘நானாடகம்’ முதலிய நாடகங்களில் வீட்டுப் பேச்சை உள்ளபடி மேடைக்குக் கொண்டுவந்தார். பேராசிரியர் சு. சுசீந்திரராசா மொழியியல் முறைப்படி அதனை நுணுகி ஆராய்ந்தார். இன்று ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. பேசும் வாய்க்குத்தான் குறைவு. தொலைக்காட்சித் தொடர் பார்த்து வளரும் பிள்ளை ‘சாப்பிட்டீங்களா?’ என்கிறது. கடையிலும் வங்கியிலும் அதே குரல். ஆகாரம் வந்து ஓகாரத்தைத் தள்ளுவதைப் பற்றி எனக்கு அவ்வளவு துக்கமில்லை. இரண்டும் தொல்காப்பியர் வீட்டுப் பிள்ளைகள், ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் துலைக்கோ போய் அந்த இடத்துக்கு ‘எங்க போறீங்க?’ வருவதை நான் அவ்வாறு எண்ணவில்லை. அங்கே மாறுவது ஓரெழுத்தன்று.

உகரச் சுட்டின் நிலையும் அத்தகையது. அ, இ, உ என மூன்று சுட்டு என்று இலக்கண நூல்கள் கூறும். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரம் வழக்கிழந்து பல நூற்றாண்டு ஆகிறது. எங்கள் பேச்சில் அது வாழ்கிறது. வாழ்வதோடு வினாவுக்குக் கண்ணாகவும் இருக்கிறது. என் கையில் உள்ளதைப் பற்றி ‘இதென்ன?’ என்பேன், அப்பால் இருப்பதைப் பற்றி ‘அதென்ன?’ என்பேன், உங்கள் கையில் உள்ளதைப் பற்றி ‘உதென்ன?’ என்பேன். முன்னிலையாருக்கு என்று ஓர் இடத்தையே ஒதுக்கிவைத்த சுட்டு அது. முற்காலத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ‘உங்கை ஆர்?’ என்று கேட்டார்கள். இன்று தொலைபேசியில் அதற்குப் புதிய தேவை பிறந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் ‘அங்கை மழையோ?’ என்று தாய் கேட்கமாட்டாள். அங்கை என்றால் எங்கோ ஓரிடம். ‘உங்கை மழையோ?’ என்பாள். நீ நிற்கிற இடத்தில், உன் தலைக்கு மேலே, என்பது அந்த உகரத்துக்குப் பொருள்.

வேலணையில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி வாரந்தோறும் கனடாவில் உள்ள பேரனோடு பேசுவார். ஆறு வயதுப் பிள்ளை. வாரவிறுதித் தமிழ் வகுப்பிற் படிக்கிறான். புத்தகத்தில் உள்ள தமிழ் அவனுக்கு நன்றாக வரும். ஒரு மார்கழி மாதம் பாட்டி ‘உங்கை குளிரோ, ராசா?’ என்று கேட்டார். பிள்ளை உங்கை என்பதை உன் கை என்று பிரித்துக்கொண்டான். புணர்ச்சி விதிப்படி அவன்மீது பிழை சொல்ல இயலாது. சிறிது நேரம் சத்தமில்லை. கையைப் பார்த்திருப்பான் போலும். பிறகு, ‘இல்லை அம்மம்மா, கிளவுஸ் போட்டிருக்கிறன்’ என்றான். கையுறை போடுகிற அளவுக்கென்றால் நல்ல குளிர்தான் என்று பாட்டி விளங்கிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார். ‘சாப்பிட்டனியோ?’